நீல் யங் ஏன் தன் குரலை மறைத்துக்கொண்டார்

1982 இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவில் ராக் பாடகர் நீல் யங்கின் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிப் போனவர்களுக்கு ஒரு குரல் மனப்பாடமாகியிருந்தது. மூக்கிலிருந்து எழுவதுபோல் மெலிந்து, உச்சத்தில் நடுங்கி, எந்த நேரமும் உடைந்துவிடும் என்று தோன்றும் குரல் அது. கிட்டாரும் ஹார்மோனிகாவும் கூடவே வரும். பாதி நிகழ்ச்சி அப்படித்தான் போனது. திடீரென்று அவர் வோகோடர் என்ற கருவிக்குள் பாடத் தொடங்கினார். மனிதக் குரலை மின்னணு ஒலியாக மாற்றித் தரும் இயந்திரம் அது. வெளியே வந்தது ஒரு ரோபோவின் பேச்சு. ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. அந்தப் பாடல்கள் அடங்கிய ஆல்பம் அப்போது கடைக்கே வந்திருக்கவில்லை. கூட்டம் குழம்பிப்போனது.

'டிரான்ஸ்' என்ற பெயரில் அந்த ஆல்பம் வந்தபோது விமர்சகர்கள் சுலபமான ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். சின்தசைசர் இசை அப்போது நாகரிகம். ஜெர்மானியக் குழுவான கிராஃப்ட்வெர்க்கைக் கேட்டுவிட்டு இவரும் காலத்தோடு ஓடப் பார்க்கிறார் என்றார்கள். கிராஃப்ட்வெர்க்கை அவர் கேட்டிருந்தார் என்பது உண்மை. ஆனால் அந்த இயந்திரக் குரலுக்குப் பின்னால் அவருடைய வீட்டில் வளர்ந்துகொண்டிருந்த ஒரு சிறுவன் இருந்தான். பெருமூளை வாதத்தோடு பிறந்த குழந்தை. கைகால்கள் அவன் சொன்னபடி கேட்பதில்லை, வாய் பேசுவதில்லை. மகன் சொல்ல வருவது தனக்கு விளங்கவில்லை, அந்த ஆல்பத்தில் தன் வார்த்தைகள் கேட்பவர்களுக்கு விளங்காது, அதைக் கேட்பவர்கள் உணரட்டும் என்றுதான் செய்தேன் என்று யங் விளக்கியது பல ஆண்டுகளுக்குப் பிறகு. ஆல்பம் வந்த நேரத்தில் அதை அவர் சொல்லவில்லை.

ராக் இசைக்கலைஞர்களிடம் இசை, புகழ், குடும்பம் என்று மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பது பேட்டியாளர்களின் வழக்கம். யங்கைப் பொறுத்தவரை அப்படிப் பிரித்தால் எதுவுமே விளங்காது. அவருடைய இசைவாழ்க்கையில் கிறுக்குத்தனம் என்று எழுதப்பட்ட திருப்பங்களில் பலவற்றுக்குக் காரணம் அவர் வீட்டுக்குள் இருந்தது. அந்தக் கதவை அவர் திறந்து காட்டவில்லை, அவ்வளவுதான்.

அவர் 1945இல் டொராண்டோவில் பிறந்தவர். சிறுவயதில் ஒண்டாரியோ மாகாணத்தின் ஓமெமீ என்ற சின்ன ஊரில் வளர்ந்தார். 1951இல் அந்தப் பகுதியில் பரவிய போலியோ அவரையும் பிடித்தது. பிழைத்தார், ஆனால் இடது பக்கம் சற்று வலுவிழந்தது. இருபது வயதுக்குப் பிறகு வலிப்பு நோயும் சேர்ந்துகொண்டது. பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் குழுவில் இருந்த காலத்தில் மேடையிலேயே விழுந்திருக்கிறார். உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காமல் போவது எப்படியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். பின்னாளில் தன் பிள்ளைகளோடு அவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைப் போகிறபோக்கில் தொட்டுவிட்டுப் போகிறார்கள். நான் இதைத்தான் முதலில் வைப்பேன்.

தந்தை ஸ்காட் யங், கனடாவில் பெயர்பெற்ற பத்திரிகையாளர், விளையாட்டு எழுத்தாளர். மகன் பதின்பருவத்தில் நுழைந்தபோது பெற்றோர் பிரிந்தார்கள். தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வினிபெக் நகரத்துக்குப் போனார். கிட்டாருக்கு ஒலிபெருக்கி வாங்கப் பணம் கேட்ட மகனிடம் தந்தை பள்ளி மதிப்பெண்ணைப் பற்றிப் பேசினார். தாய் வாங்கிக் கொடுத்தார். ஆக, வீடு உடைவது என்ன என்பதும், வீட்டில் ஒருவர் நம்பினால் போதும் என்பதும் ஒரே வயதில் அந்தப் பையனுக்குத் தெரிந்துவிட்டன. 1966இல் பழைய சவ ஊர்தி ஒன்றை ஓட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பின் எல்லாம் வேகம். பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட், தனி ஆல்பங்கள், கிரேஸி ஹார்ஸ் குழு, கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் மூவரோடு கூட்டு. 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசை விழாவில் அவர்களோடு மேடையேறியபோதே தன்னைப் படம்பிடிக்கக் கூடாது என்று கேமராக்காரர்களை விலக்கிவிட்டார். ஒரு தலைமுறையே பார்த்த அந்த விழாப் படத்தில் அவர் முகம் இல்லை.

1972இல் புகழ் முழு வெள்ளமாக வந்தது. 'ஹார்வெஸ்ட்' அந்த ஆண்டு அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற ஆல்பம். அதிலிருந்த 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' பட்டியலில் முதலிடம் பிடித்தது. அறுபது ஆண்டு இசைவாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த ஒரே முதலிடப் பாட்டு அதுதான். அதே ஆண்டு செப்டம்பரில், நடிகை கேரி ஸ்னாட்கிரெஸ்ஸுடன் வாழ்ந்த காலத்தில், மூத்த மகன் பிறந்தான். நவம்பரில் கிரேஸி ஹார்ஸின் கிட்டார் கலைஞர் டேனி விட்டன் இறந்தார். போதைப் பழக்கத்தால் விட்டனால் வாசிக்க முடியவில்லை என்று ஒத்திகையிலிருந்து அவரை ஊருக்கு அனுப்பி வைத்தவர் யங்தான். அன்றிரவே சாவுச் செய்தி வந்தது.

அந்த நிலையில்தான் 1973இன் தொடக்கத்தில் பெரிய அரங்குகளில் நீண்ட பயணம் தொடங்கியது. கூட்டம் 'ஹார்வெஸ்ட்' பாட்டுகளைக் கேட்கத் திரண்டது. அவரோ யாரும் கேட்டிராத கரடுமுரடான புதுப் பாட்டுகளைப் பாடினார். அதில் ஒன்று, தந்தை வீட்டை விட்டுப் போனதையும் வினிபெக் பள்ளியில் அடிபட்டதையும் பற்றியது. தங்கக் குரலைக் கேட்க வந்த ஆயிரக்கணக்கானவர்களிடம் தன் வீட்டுப் புண்ணைத் திறந்து காட்டியிருக்கிறார். அடுத்து, விட்டனுக்கும் போதைக்குப் பலியான இன்னொரு தோழருக்கும் இரங்கல்போல ஓர் ஆல்பத்தை, சுருதி பிசகியதையும் குரல் உடைந்ததையும் திருத்தாமல், சில இரவுகளில் பதிவு செய்தார். 'டுநைட்'ஸ் தி நைட்' என்ற அந்த ஆல்பம் 1975 வரை வெளிவரவில்லை.

பின்னர் 1977இல் தொகுப்பு ஆல்பம் ஒன்றுக்கு எழுதிய குறிப்பில் யங் இந்தக் காலத்தைப் பற்றிச் சொன்னது ராக் வரலாற்றில் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த முதலிடப் பாட்டு தன்னைச் சாலையின் நடுவில் கொண்டுபோய் விட்டது, அங்கே பயணம் சலித்துப்போனதால் ஓரத்துப் பள்ளத்துக்கு வண்டியைத் திருப்பினேன், பாதை மோசம்தான், ஆனால் அங்கே இன்னும் சுவையான மனிதர்களைப் பார்த்தேன் என்பது அதன் சாரம். இதைப் படித்துவிட்டுப் புகழை வெறுத்த துறவி என்று அவரைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. அது சரியான வாசிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. புகழ் தந்த பணத்தையும் அது திறந்த கதவுகளையும் அவர் மறுக்கவில்லை. முந்தைய பாட்டையே மறுபடி பாடு என்று புகழ் கேட்டது. அந்தக் கட்டளைக்குத்தான் அவர் பணியவில்லை. 1988இல் பீர், குளிர்பான நிறுவனங்களின் விளம்பரத்துக்குப் பாடமாட்டேன் என்று ஒரு பாட்டே எழுதினார். இசைத் தொலைக்காட்சியான எம்டிவி முதலில் அந்தப் பாட்டின் வீடியோவைத் தடைசெய்தது. மறு ஆண்டு அதற்கே ஆண்டின் சிறந்த வீடியோ விருதைக் கொடுத்தது. 2022 ஜனவரியில், தடுப்பூசி பற்றித் தவறான தகவல் பரவ இடம் கொடுக்கிறார்கள் என்று சொல்லித் தன் பாட்டுகளை ஸ்பாட்டிஃபையிலிருந்து எடுத்துவிட்டார். உடனே அவரோடு நின்றவர் பாடகி ஜோனி மிட்செல், அவரைப் போலவே சிறுவயதில் போலியோ கண்ட கனடாக்காரர். இரண்டு ஆண்டு கழித்து யங்கின் பாட்டுகள் அங்கே திரும்பின.

இதே பிடிவாதம் மனிதர்களையும் காயப்படுத்தியது. 1976இல் ஸ்டீஃபன் ஸ்டில்ஸோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்த கச்சேரிப் பயணத்தை நடுவழியில் விட்டுவிட்டு, தானாகத் தொடங்குபவை தானாகவே முடிந்துவிடுகின்றன என்ற பொருளில் ஒரு தந்தி மட்டும் அனுப்பினார். ஸ்டில்ஸ் மீதிக் கச்சேரிகளைத் தனியாகச் சமாளிக்க வேண்டியிருந்தது. இசை எங்கே கூப்பிடுகிறதோ அங்கே போவேன் என்று சொல்கிறவர்களின் பின்னால் இப்படி நடுத்தெருவில் நிற்கிறவர்கள் இருப்பார்கள். யங்கை நேசிக்கிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இனி வீட்டுக்கு வருகிறேன். வடகலிஃபோர்னியா மலைப்பகுதியில் அவர் 1970இல் ஒரு பண்ணை வாங்கியிருந்தார். அப்போது அவருக்கு வயது 24. மூத்த மகனுக்கு மிதமான பெருமூளை வாதம் இருப்பது தெரியவந்தது. கேரியோடு உறவு முறிந்தது. பண்ணைக்கு அருகே உணவகத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெகியை 1978இல் மணந்தார். அந்த நவம்பரில் அவர்களுக்குப் பிறந்த மகனுக்கும் பெருமூளை வாதம், இந்த முறை மிகக் கடுமையாக. இரண்டு பிள்ளைகள், இரண்டு வேறு தாய்மார்கள். இது பரம்பரையாக வருவதில்லை, தற்செயல்தான் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஒரு தந்தையின் மனம் அந்த விளக்கத்தோடு எப்படி இரவில் படுத்துக்கொள்ளும்?

வெளியுலகம் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' 1979இல் வந்து, பங்க் இசை தலையெடுத்த காலத்திலும் மதிப்பிழக்காத பழைய தலைமுறைக்காரர் என்ற பெயரை அவருக்கு வாங்கித் தந்தது. எந்தக் கலைஞரும் அந்த இடத்திலிருந்து ஒரு பெரிய பயணம் போயிருப்பார். அவர் காணாமல் போனார். 1980இல் பெகிக்கு மூளையில் அறுவை சிகிச்சை. அதன் பிறகு, ஃபிலடெல்ஃபியாவிலிருந்த ஒரு நிறுவனம் வகுத்த பயிற்சி முறையில் இளைய மகனைச் சேர்த்தார்கள். கைகால்களைப் பிறர் பிடித்துத் திரும்பத் திரும்ப அசைத்தால், தவழ வைத்தால், மூளை புதிதாகக் கற்றுக்கொள்ளும் என்பது அதன் நம்பிக்கை. நாளின் பெரும்பகுதி, வாரத்தின் ஏழு நாளும், பெற்றோரே செய்ய வேண்டும். சுமார் ஒன்றரை ஆண்டு செய்தார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அந்த முறைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முன்பே எச்சரித்திருந்தது. பெற்றோர் அந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. ஒரு வழி இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதில் நடந்துவிடுகிறார்கள்.

பயிற்சிக்கு நடுவே மதியத்தில் கிடைத்த சில மணி நேரங்களில் 1981இல் வெளிவந்த 'ரியாக்டர்' ஆல்பத்தைப் பதிவு செய்தார். அதில் ஒரு பாட்டு ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. இரண்டே வரிகள், அதுவும் சாப்பாட்டைப் பற்றியவை, விடாமல் திரும்பத் திரும்ப வருகின்றன. சோம்பேறித்தனம் என்று அப்போது எழுதினார்கள். காலையிலிருந்து ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்துவிட்டு வந்த மனிதனின் கையும் வாயும் வேறு எதை வாசித்திருக்கும்? இந்தப் பின்னணியை அறிந்துகொண்டு அதைக் கேட்டபோது, முன்பு பாதியில் நிறுத்திய அதே பாட்டை என்னால் கடைசிவரை கேட்க முடிந்தது.

அடுத்து வந்ததுதான் 'டிரான்ஸ்'. அதன் இயந்திரப் பாட்டுகளில் மருத்துவமனை போன்ற ஓர் இடம் மனத்தில் இருந்தது என்று யங் சொல்லியிருக்கிறார். பேச முடியாத ஒரு குழந்தைக்குப் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொடுக்க ரோபோக்கள் முயல்கிற ஒரு கற்பனை. 'டிரான்ஸ்ஃபார்மர் மேன்' என்ற பாட்டு நேரடியாக அந்த இளைய மகனுக்கே எழுதப்பட்டது. கெஃபன் என்ற புதிய இசைத்தட்டு நிறுவனத்துக்கு அவர் கொடுத்த முதல் ஆல்பம் இது. பழைய நீல் யங் வேண்டும் என்று நிறுவனம் எதிர்பார்த்தது. அடுத்த ஆல்பமாக, 1950களின் பாணியில், 25 நிமிடமே ஓடும் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டைக் கொடுத்தார். 1983இல் கெஃபன் வழக்குப் போட்டது. கேட்ட நஷ்டஈடு 33 லட்சம் டாலர். முந்தைய பதிவுகளின் தன்மையோடு ஒத்துப்போகாத இசையைத் தருகிறார் என்பது குற்றச்சாட்டின் சாரம். நீல் யங் தன்னைப் போல் பாடவில்லை என்று நீல் யங் மீதே வழக்கு. அவரும் 2.1 கோடி டாலர் கேட்டு எதிர்வழக்குப் போட்டார். பிறகு சமரசமானது, நிறுவனத்தின் தலைவர் டேவிட் கெஃபன் மன்னிப்பும் கேட்டார்.

நிறுவனத்தை முழுக்கக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாமே மாறியிருக்கும். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும், ஆல்பமும் விற்றிருக்கும். அவர் சொல்லவில்லை. மகனின் நிலையை விற்பனைக் குறிப்பாக்குவதைவிட, பைத்தியக்காரன் என்ற பெயரோடு நீதிமன்றம் போவது மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். புகழைப் பற்றி அவர் எழுதிய எல்லா வரிகளையும்விட இந்த மௌனம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1993இல் எம்டிவியின் 'அன்பிளக்ட்' நிகழ்ச்சியில் 'டிரான்ஸ்ஃபார்மர் மேன்' பாட்டை வோகோடர் இல்லாமல், கிட்டாரோடு, சொந்தக் குரலில் பாடினார். பத்து ஆண்டாகக் கேலிக்கு ஆளான பாட்டு, தொட்டில் பாட்டுபோல ஒலித்தது. வார்த்தைகள் அப்போதுதான் பலர் காதில் விழுந்தன.

அவருடைய ஒரு வரி உலகம் முழுவதும் தெரிந்தது. மெல்ல மங்கிப் போவதைவிட எரிந்து தீர்ந்துவிடுவது மேல் என்பது அதன் பொருள். 1980இல், மகனை வளர்ப்பதற்காக ஐந்து ஆண்டுகள் இசையை ஒதுக்கிவைத்து வீட்டிலிருந்த பீட்டில்ஸ் பாடகர் ஜான் லென்னன், ஒரு பேட்டியில் அந்த வரியைக் கடுமையாக மறுத்தார். சீக்கிரம் செத்தவர்களை வழிபடுவது தனக்கு ஒப்பவில்லை, உயிரோடு இருப்பவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள விரும்புவதாகச் சொன்னார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் சுடப்பட்டு இறந்தார். 1994 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்ட நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேனின் கடைசிக் கடிதத்தில் அதே வரி இருந்தது. அதற்குச் சில நாள் முன்பு கோபேனைத் தொடர்புகொள்ள யங் முயன்றிருந்தார், முடியவில்லை. அந்தச் செய்தி அவரை உலுக்கியது. அந்த ஆண்டு வந்த 'ஸ்லீப்ஸ் வித் ஏஞ்சல்ஸ்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு அந்தத் துக்கத்தில் எழுந்தது.

லென்னனுக்கும் யங்குக்கும் இடையில் எதிர்நிலை இருப்பதாக இதைப் படிப்பது வழக்கம். லென்னன் அந்தப் பேட்டியைக் கொடுத்த அதே காலத்தில் யங் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள். எரிந்து தீர வேண்டும் என்று பாடியவர், பண்ணை வீட்டில் மகனின் கைகால்களைப் பிடித்து அசைத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள், ஒருவர் சொல்லிச் செய்தார், மற்றவர் சொல்லாமல் செய்தார்.

பண்ணையில் ஒரு கொட்டகை முழுக்கப் பொம்மை ரயில்களை ஓடவிட்டார். இளைய மகனால் ரயிலைக் கையால் இயக்க முடியாது. எனவே பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்றை அழுத்தினால் ரயில் இயங்கும்படி ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை உருவாக்கினார். அந்த ஆர்வம் வளர்ந்து, அமெரிக்காவின் பழம்பெரும் பொம்மை ரயில் நிறுவனமான லயோனலுக்கு மின்னணுக் கட்டுப்பாட்டு முறைகளை உருவாக்குவதில் போய் நின்றது. பொம்மை ரயில் தொழில்நுட்பத்துக்கான காப்புரிமைகளில் அவர் பெயர் இருக்கிறது. 1995இல் அந்த நிறுவனத்தை வாங்கிய முதலீட்டாளர்களில் ஒருவரும் ஆனார். மகனைக் கச்சேரிப் பயணங்களுக்கும் பஸ்ஸில் கூடவே கூட்டிப்போனார். பையன் வளர்ந்து, பண்ணையில் இயற்கை முறையில் கோழி வளர்த்து முட்டை விற்கும் தொழிலை நடத்தினான்.

இவ்வளவு எழுதிய பிறகு பெகியைப் பற்றி எழுதாமல் விட்டால் அது அநியாயம். பெகியும் பாட்டு எழுதுகிறவர். திருமணத்துக்கு முன்பே எழுதத் தொடங்கியவர். அவருடைய முதல் ஆல்பம் வெளிவந்தது 2007இல். கணவர் தன் இசை கூப்பிட்ட திசையெல்லாம் போக முடிந்தது என்றால், வீட்டில் ஒருவர் தன் இசையைச் சுமார் முப்பது ஆண்டு தள்ளிப்போட்டதும் அதற்கு ஒரு காரணம். ராக் கலைஞர்களின் குடும்ப வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது இந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை. 36 ஆண்டுக்குப் பிறகு, 2014இல், அந்தத் திருமணம் விவாகரத்தில் முடிந்தது.

பேச முடியாத, உடலசைவு குறைந்த பிள்ளைகளுக்கு ஏற்ற பள்ளி கிடைக்காமல் அலைந்த பெகிதான் பள்ளியைத் தொடங்குவது என்ற யோசனையைக் கொண்டுவந்தார். வேறு இருவரோடு சேர்ந்து, சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஹில்ஸ்பரோவில் பிரிட்ஜ் ஸ்கூல் உருவானது. கண்ணசைவாலோ, தலையால் தட்டும் சுவிட்சாலோ, படப்பலகையாலோ, கணினிக் குரலாலோ பிள்ளைகள் தாம் நினைப்பதைச் சொல்லக் கற்றுத்தரும் பள்ளி அது. 'டிரான்ஸ்' ஆல்பத்தில் யங் கற்பனை செய்த இயந்திரக் குரல் இங்கே பிள்ளைகளின் மேசையில் வந்து உட்கார்ந்தது.

பள்ளிக்குப் பணம் திரட்ட 1986 அக்டோபரில் ஒரு கச்சேரி நடந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், டாம் பெட்டி, டான் ஹென்லி வந்தார்கள். கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் மூவரும் யங்கோடு சேர்ந்து பாடினார்கள். 1987 தவிர ஒவ்வோர் ஆண்டும், 2016 வரை, அது நடந்தது. பெரும்பாலும் மவுன்டன் வியூவின் ஷோர்லைன் திறந்தவெளி அரங்கில். விவாகரத்துக்குப் பின்னும் அவர்கள் இருவரும் அதை விடவில்லை. பெகி 2019ஆம் ஆண்டின் முதல் நாளில் புற்றுநோயால் இறந்தார்.

அந்தக் கச்சேரிகளில் உலகப் புகழ்பெற்ற குழுக்களும் மின்கருவிகளின் இரைச்சலை விட்டுவிட்டு, சாதாரண கிட்டாரோடு பாடின. பள்ளிப் பிள்ளைகள் மேடையின் பின்பகுதியில் உயரமான ஒரு தளத்தில், சக்கர நாற்காலிகளில், குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். எதிரே இருபதாயிரம் பேர் நிறைந்த அரங்கம். பாட்டின் நடுவே கலைஞர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் திரும்பி, பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டியபடி, அந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் பாடினார்கள்.